ஒரே ஒரு கன்றுதானே சார்!

நம்ம ஊர்க்காரர்கள் வாட்ஸப் குழுமம் ஒன்றில் போன வாரம் ஒரு செய்தி சுற்றிச் சுற்றி வந்தது. ஊரிலிருந்து கறிவேப்பிலை, மல்லி, எலுமிச்சைக் கன்றுகளைத் தொட்டி மண்ணோடு அமெரிக்காவுக்குக் கொண்டுவர எட்டு வழிகள். எதில் சுற்றுவது, பெட்டியில் எந்த இடத்தில் வைப்பது, பார்சலில் அனுப்பினால் டப்பா மேல் என்ன பொருள் என்று எழுதுவது, எல்லாம் இருந்தது. முப்பது பேர் கைதட்டியிருந்தார்கள். ஒரு அக்கா, "நான் மூணு வருஷமா இப்படித்தான் கொண்டு வர்றேன், ஒண்ணும் ஆகலை" என்று சான்றிதழ் வேறு கொடுத்திருந்தார். அந்த எட்டு வழியையும் இங்கே திரும்ப எழுதி, அந்தப் புண்ணியத்தில் நானும் பங்கு கேட்கப் போவதில்லை. அந்த "ஒண்ணும் ஆகலை" இருக்கிறதே, சண்டை அதோடுதான்.

சொல்வதற்கு எனக்கு என்ன தகுதி என்று கேட்பவர்களுக்கு: நான் தாவரவியல் படித்தவன் இல்லை. கட்டடங்களுக்குக் குழாய் போடக் கணக்குப் பார்க்கிற இஞ்சினியர். லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் இருக்கிறேன். சொந்த வீடு கொச்சியில், மட்டாஞ்சேரி. (தமிழ்க் குடும்பம், மலையாளத்துப் பள்ளிக்கூடம். எங்கள் வீட்டுத் தமிழைக் கேட்டு மதுரைக்காரர்கள் சிரிப்பது தனிக்கதை.) ஒவ்வொரு முறை ஊருக்குப் போகும்போதும் என் கையில் நாலு குடும்பத்தின் பட்டியல் இருக்கும். சுக்கு, மிளகு, குடம்புளி என்று நியாயமாகத்தான் ஆரம்பிக்கும். கடைசி வரி மட்டும், "முடிஞ்சா ஒரு கறிவேப்பிலைக் கன்னு, சின்னதா."

முடியாது. கொண்டு வரமாட்டேன். இதைச் சொன்னதற்காக இரண்டு வீட்டில் எனக்குக் காபி கொடுப்பது நின்றிருக்கிறது. பரவாயில்லை.

போன முறை மட்டாஞ்சேரியில் ஒரு கூரியர் கடையில் விசாரித்தேன், தெரிந்துகொள்ளத்தான். தொட்டியில் இரண்டடி மரம், கலிஃபோர்னியாவுக்கு அனுப்ப முடியுமா என்று. கடைக்காரர் கண்ணைக்கூட உயர்த்தவில்லை. "ஒண்ணும் பேடிக்கண்ட சாரே, எல்லாம் போகும்." பயப்படாதே, எல்லாம் போகுமாம். சித்தப்பா வெளியே வந்து சொன்னார்: "போகும்டா. போறது பிரச்சினையில்லை. கூட எது எது போகும்னு அவன்கிட்டே கேட்டியா?" மிளகு வியாபாரத்தில் முப்பது வருஷம் மூட்டை பிரித்துப் பார்த்த மனுஷன். மூட்டைக்குள் சரக்கு மட்டும் இருப்பதில்லை என்பது அவருக்குத் தெரியும்.

தொட்டி மரத்தைத் தபாலில் அனுப்புவது கெட்ட காரியம் என்று நான் சொல்வதாக நினைக்காதீர்கள். அது ஒரு அழகான தொழில். திருச்சூர் பக்கம் மண்ணுத்தியில் வரிசையாக நர்சரிகள் இருக்கின்றன. கேரளத்து நர்சரிகளிலிருந்து பலா, ரம்புட்டான், ஜாதிக்காய்க் கன்றுகளெல்லாம் நாடு முழுக்கக் கூரியரில் போகின்றன. பார்சல் கட்டுகிறவர்களின் கைவேலையைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். தண்ணீர் முந்தின நாளே விட்டுவிடுவார்கள். கட்டுகிற அன்று ஈரம் இருக்க வேண்டும், சொட்டக் கூடாது. தொட்டியின் வாயைத் தாளோ பிளாஸ்டிக்கோ போட்டு மூடி, தண்டைச் சுற்றி டேப் ஒட்டினால் டப்பாவைக் கவிழ்த்தாலும் உள்ளே கொட்டாது. தண்டை ஒரு மூங்கில் குச்சியோடு கட்டுவார்கள். இலைகளில் பாதியை வெட்டிவிடுவார்கள், இருட்டுக்குள் நாலு நாள் இருக்கப்போகிற செடிக்கு அத்தனை இலையும் தண்ணீரைக் குடிக்கிற வாய்கள் என்பதால். தொட்டி அடியில் நகராமல் அட்டை கொடுத்து, பக்கவாட்டில் காற்றுக்கு ஓட்டை போட்டு, திங்கட்கிழமை அனுப்புவார்கள். வெள்ளிக்கிழமை அனுப்பினால் ஞாயிறு முழுக்க ஏதோ ஒரு கோடவுனில் வெந்து போகும். மண்ணுக்குப் பதில் தென்னைநார்க் கழிவு போட்டால் எடையும் குறைவு.

இதெல்லாம் உள்ளூருக்கு. கடல் தாண்டும்போதுதான் கதை வேறாகிறது. மேலே சொன்ன உபகாரம் ஒவ்வொன்றையும் மறுபடி பாருங்கள். ஈரம், மூடிய வாய், நிழல், காற்று, சீக்கிரம் போய்ச் சேருவது. மரத்தை உயிரோடு வைக்க நாம் செய்கிற அத்தனையும், இலையடியில் ஒட்டியிருக்கும் முட்டைக்கும், வேரில் இருக்கும் நூற்புழுவுக்கும், மண்ணிலிருக்கும் பூஞ்சாணத்துக்கும் செய்த உபகாரம்தான். மோசமாகக் கட்டிய பார்சல் செத்துப்போய் வரும், நல்லதாகப் போயிற்று என்று குப்பையில் போடலாம். நேர்த்தியாகக் கட்டிய பார்சல்தான் ஆபத்து. அந்த எட்டு வழி எழுதிய மகானுபாவர் கெட்டிக்காரர் என்பதுதான் என் கவலையே.

இப்போது கறிவேப்பிலைக்கு வருவோம். எலுமிச்சை, ஆரஞ்சு, வில்வம், கறிவேப்பிலை எல்லாம் ஒரே குடும்பம், பங்காளிகள். இந்தக் குடும்பத்தின் தளிரில் உட்கார்ந்து சாறு உறிஞ்சுகிற ஒரு பூச்சி உண்டு, ஆசிய சிட்ரஸ் சில்லிட் என்று பெயர். மூன்று, நான்கு மில்லிமீட்டர்தான். நம் ஊர்க் கறிவேப்பிலையில் தளிர் சுருண்டு பிசுபிசுவென்று இருந்தால் பாட்டி உதறிவிட்டுக் குழம்பில் போடுவாளே, அந்தப் பூச்சிகளில் இதுவும் ஒன்று. இது ஒரு பாக்டீரியாவைச் சுமந்துகொண்டு போய் ஆரஞ்சு மரத்தில் ஏற்றும். நோயின் பெயர் சிட்ரஸ் கிரீனிங். மரத்தின் உணவுக் குழாய் அடைபடும், பழம் கோணலாகி, பச்சையாகவே நின்று, கசக்கும், உதிரும். மருந்து கிடையாது. நோய் ஏறிய மரம் ஓரிரண்டு வருஷம் வெளியே ஒன்றும் காட்டாமல் பச்சைப்பசேலென்று நிற்கவும் செய்யும்.

கறிவேப்பிலைச் செடி இந்த நோயில் சாவதில்லை. பூச்சிக்கு அது வெறும் விடுதி. அதனால்தான் "என் செடி நல்லாத்தானே இருக்கு" என்கிற வாதம் என்னிடம் எடுபடாது. விடுதி நன்றாகத்தான் இருக்கும்!

ஃப்ளோரிடாவில் இந்தப் பூச்சியை 1998-ல் கண்டுபிடித்தார்கள். அது மாநிலம் முழுக்கப் பரவியதில் பெரிய பங்கு ஒரு அலங்காரச் செடிக்கு. ஆரஞ்சு மல்லி என்று சொல்லி விற்பார்கள், கறிவேப்பிலைக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி. தொட்டி தொட்டியாக லாரியில் ஏறிக் கடை கடையாகப் போயிற்று, பூச்சியும் கூடவே. 2005-ல் நோய் வந்துவிட்டது. 2003-04 பருவத்தில் ஃப்ளோரிடாவில் விளைந்த ஆரஞ்சு 24 கோடிப் பெட்டிக்கு மேல். ஒரு பெட்டி கிட்டத்தட்ட 41 கிலோ. 2022-23-ல் அது 1.6 கோடிப் பெட்டி. புயல், வீட்டுமனை என்று வேறு காரணங்களும் உண்டு, ஆனால் முதல் குற்றவாளி யார் என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகமில்லை.

கலிஃபோர்னியாவில் பூச்சி 2008-ல் வந்தது, நோய் 2012-ல். எங்கே? பெரிய தோப்பில் இல்லை. லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் ஹசியெண்டா ஹைட்ஸ் என்கிற ஊரில், ஒரு வீட்டுத் தோட்டத்து மரத்தில். உங்களையும் என்னையும் போல ஒருவர் வீட்டுக் கொல்லை.

தபாலில் வந்த மரம் என்ன செய்யும் என்பதற்கு நல்ல கதையும் இதே ஊர்ப்பக்கம்தான் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். ரிவர்சைடில் மேக்னோலியா அவென்யூவும் ஆர்லிங்டன் அவென்யூவும் சேரும் முனையில் ஒரு நேவல் ஆரஞ்சு மரம் நிற்கிறது. பிரேசிலின் பஹியாவிலிருந்து வாஷிங்டனில் விவசாயத் துறைக்கு வந்த மரங்கள். அதிலிருந்து ஒட்டுக்கட்டிய கன்றுகளை வில்லியம் சாண்டர்ஸ் என்பவர் எலைசா டிபெட்ஸ் என்கிற அம்மாளுக்கு 1873-ல் அனுப்பினார். கலிஃபோர்னியாவின் நேவல் ஆரஞ்சுத் தொழில் முழுக்க அந்தக் கன்றுகளின் வம்சம். அவற்றில் ஒன்று இன்னும் உயிரோடு காய்க்கிறது, 150 வயசுக்கு மேல். சில வருஷங்களாக அந்தக் கிழவியைச் சுற்றி வலைக்கூடாரம் போட்டு வைத்திருக்கிறார்கள், சில்லிட் வந்து உட்காரக் கூடாதென்று. குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். ஒரு மரம் கொசுவலைக்குள் நிற்பதைப் பார்த்தால், நான் பத்துப் பத்தி எழுதுவதைவிடச் சீக்கிரம் புரியும்.

இந்த இடத்தில் ஒரு நண்பர் எப்போதும் எழுந்து நிற்பார். "அமெரிக்காக்காரன் ஆரஞ்சு போனா எனக்கென்னய்யா? கோடீஸ்வரன் தோப்பு. நான் ஏன் அழணும்?"

சரி, அமெரிக்காவை விடுங்கள். பொள்ளாச்சிக்குப் போகலாம். 2016-ல் பொள்ளாச்சி, பாலக்காடு பக்கத்துத் தென்னைகளில் ஒரு புது வெள்ளை ஈ தெரிந்தது. ஓலையடியில் சுருள் சுருளாக முட்டை, மேலே மெழுகு, கீழ் ஓலைகளில் தேன்போல் சொட்டி அதன்மேல் கரும்பூஞ்சாணம். தென்னந்தோப்பே புகைக்கூண்டுக்குள் வைத்து எடுத்தாற்போல் இருக்கும். ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ என்று பெயர். நடு அமெரிக்காவின் பெலிஸ் நாட்டுப் பக்கத்துப் பூச்சி. பெலிஸிலிருந்து ஆனைமலைக்கு அது பறந்து வரவில்லை. செடியோடுதான் இதெல்லாம் கடல் தாண்டும்.

2008-ல் கோயம்புத்தூர்: பப்பாளி மாவுப்பூச்சி, மெக்சிகோப் பக்கத்து உருப்படி. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று ஒன்று விடவில்லை. மல்பெரி போனால் பட்டுப்புழு வளர்ப்பவன் கதி என்ன என்று சொல்லத் தேவையில்லை. 2010-ல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒரு குட்டி ஒட்டுண்ணிக் குளவியைத் தருவித்து விட்டபிறகுதான் அடங்கியது. கவனியுங்கள், அந்தக் குளவியும் வெளிநாட்டிலிருந்து வந்த உயிர்தான். ஆனால் அது காகிதத்தோடு வந்தது: அனுமதி வாங்கி, ஆய்வுக்கூடத்தில் பூட்டி வைத்து, வேறு எதைத் தின்னும் என்று சோதித்து, பிறகு வெளியே விட்டது. உயிரைக் கடல் தாண்டி அனுப்புவதில் தப்பில்லை, அனுப்புகிற முறையில்தான் எல்லாம் இருக்கிறது.

2020-ல் மரவள்ளி மாவுப்பூச்சி, இந்தியாவிலேயே முதல்முறையாகத் திருச்சூரில். சேலம், நாமக்கல் ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கிழங்கு தருகிற காடுகள் வரைக்கும் போயிற்று. இதற்கும் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து குளவி வரவழைத்து 2022-ல் சேலம் பக்கம் விட்டார்கள்.

மரவள்ளி விஷயத்தில் நான் அடிக்கடி யோசிப்பது ஒன்று. கிழங்கு தென் அமெரிக்காவிலிருந்து போர்த்துகீசியர் காலத்தில் வந்தது. மட்டாஞ்சேரியில் கப்பையும் மீன்கறியும் இல்லாத வீடு உண்டா? இத்தனை தலைமுறை நாம் நிம்மதியாகத் தின்றோம். காரணம், அந்தக் காலத்துக் கப்பல் பயணத்தில் மாதக்கணக்காக வெயிலில் வாடி வந்த குச்சியோடு அதன் பகையாளி வந்து சேரவில்லை. இப்போது விமானத்தில் ஒரு நாளில் எல்லாம் வந்துவிடுகிறது, பகையாளி உட்பட.

இன்னும் கிட்டத்தில் வேண்டுமா? பழனி பஞ்சாமிர்தம். அதற்கு விருப்பாட்சி மலைவாழைதான் வேண்டும். கீழ்ப்பழனி மலையில் 18,000 ஹெக்டேர் இருந்த அந்த வாழை 1970-களுக்குப் பிறகு 2,000 ஹெக்டேராகச் சுருங்கியது, முடிக்கொத்து நோயால். அந்த நோய் 1940-ல் இலங்கையிலிருந்து வந்து முதலில் கோட்டயம் பக்கம் தென்பட்டது. அது விதையில் வருவதில்லை. வாழைக்கன்றில் வரும், பிறகு அசுவினி ஊர் ஊராகக் கொண்டுபோகும். "நல்ல ரகம், வீட்டுக்கு ஒரு கன்னு எடுத்துட்டுப் போ" என்று ஒருவர் இன்னொருவருக்குக் கொடுப்பதைப்போல அதற்குத் தோதான வழி வேறில்லை.

ஆகவே, ஆரஞ்சு யாருடையது என்று கேட்கிற நண்பருக்கு: இங்கிருந்து ஊருக்குப் போகும்போது உங்கள் பெட்டியில் போகிற அடீனியமும், அத்திக் குச்சியும், கள்ளிச் செடியும் இறங்குகிற இடம் உங்கள் மாமனார் தோப்பு. வளைகுடாவிலிருந்தும் தாய்லாந்திலிருந்தும் பெட்டியில் செடி வராத மாசம் உண்டா? இந்தியாவிலும் சட்டம் இருக்கிறது, 2003-ஆம் வருஷத்துத் தாவரக் குவாரண்டைன் ஆணை. இறக்குமதி அனுமதியும் ஏற்றுமதி நாட்டின் சான்றிதழும் வேண்டும், மண் கூடாது. நெடும்பாசேரியில் தங்க பிஸ்கட்டைத் தேடுகிற கண்களுக்குச் செடி பெரிதாகத் தெரிவதில்லை என்பது வேறு விஷயம். தங்கம் கடத்தினால் அரசாங்கத்துக்கு வரி நஷ்டம். இதில் நஷ்டம் யாருக்கென்று பொள்ளாச்சியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த வாதம் இன்னும் சூடானது. "வெள்ளைக்காரன் உலகம் பூரா செடியைத் தூக்கிட்டுப் போனான், தூக்கிட்டு வந்தான். இப்போ நமக்கு மட்டும் சட்டமா?"

இந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. மட்டாஞ்சேரிக்காரனுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டாம். மிளகாய், முந்திரி, அன்னாசி, பப்பாளி எல்லாம் எங்கள் கடற்கரை வழியாக இறங்கியவை. டச்சுக்காரர் காலத்தில் கொச்சியில் கமாண்டராக இருந்த வான் ரீட் "ஹோர்த்துஸ் மலபாரிகுஸ்" என்று 12 தொகுதி போட்டார், ஆம்ஸ்டர்டாமில் 1678 முதல் 1693 வரை அச்சானது. 742 செடிகள். இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியரும், ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் என்ற மூன்று கொங்கணி வைத்தியர்களும் சொல்லித் தராமல் அந்தப் புத்தகமே இல்லை. முதல் படமே தெங்கு. முந்திரியை அதில் "கப்ப மாவ" என்று போட்டிருக்கிறார்கள். இத்தனைக்கும் ஐரோப்பாவுக்குப் போனது பெரும்பாலும் படம்தான். மரத்தை உயிரோடு அனுப்ப அன்று வழியில்லை. உப்புக் காற்றிலும் தண்ணீர்ப் பஞ்சத்திலும் கப்பல் மேல்தளத்தில் செத்துப்போகும்.

வழி கண்டுபிடித்தவர் லண்டனில் ஒரு டாக்டர், நதானியல் வார்ட். மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் செடி தன் ஈரத்தையே திரும்பக் குடித்துப் பிழைக்கிறது என்று பார்த்து, 1833-ல் இரண்டு பெட்டிகளை சிட்னிக்குக் கப்பலேற்றிக் காட்டினார். அதற்குப் பிறகு தேயிலை, சிங்கோனா என்று உலகமே பெட்டியில் ஏறியது. பெட்டிக்குள் மண்ணும் ஏறியது. மண்ணில் இருந்தவையும் ஏறின. நாடு நாடாகத் தோட்டங்கள் நோயில் விழுந்த பிறகுதான் சட்டம் வந்தது. அமெரிக்காவில் 1912, இந்தியாவில் 1914. செடி தூக்கிப்போன அதே ஆட்கள் தங்கள் கை சுட்டபிறகு போட்ட சட்டம்தான் இது.

சுட்டது அவர்கள் கை மட்டுமா? இலங்கையில் 1869-ல் காப்பிச் செடியில் துரு நோய் வந்து இருபது வருஷத்துக்குள் காப்பித் தோட்டங்களை முடித்துவிட்டது. துரைமார் தேயிலைக்கு மாறினார்கள். காப்பிக்குப் பருவத்துக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்த நம் சனம், தேயிலைக்கு வருஷம் முழுக்க ஆள் வேண்டுமென்று குடும்பத்தோடு லயத்தில் தங்கவைக்கப்பட்டது. 1948-ல் அவர்களுடைய குடியுரிமையே பறிபோன கதை உங்களுக்குத் தெரியும். ஒரு பூஞ்சாணம் மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் செடிக்கு நோய் வந்தால் துரை வேறு செடி நடுவான், சம்பளக்காரன் வாழ்க்கைதான் இடம் மாறும். "வெள்ளைக்காரன் செய்தான்" என்கிறவர்கள் அவன் செய்ததற்கு யார் கொடுத்தார்கள் என்றும் பார்க்க வேண்டும்.

கூடவே ரப்பரையும் பாருங்கள். 1876-ல் விக்ஹாம் பிரேசிலிலிருந்து கொண்டுபோனது 70,000 விதை. லண்டன் கியூ தோட்டத்தில் முளைக்கவைத்து, 1,900-க்கு மேற்பட்ட கன்றுகளை வார்ட் பெட்டிகளில் இலங்கைக்கு அனுப்பினார்கள். அங்கே பிழைத்து, கேரளத்தில் 1902-ல் பெரியாற்றங்கரையில் தட்டேக்காட்டில் தோட்டமானது. பிரேசிலில் ரப்பருக்கு ஒரு இலைக்கருகல் நோய் உண்டு. ஹென்றி ஃபோர்டு அமேசானில் போட்ட தோட்டத்தைத் தின்று தீர்த்ததில் அதற்குப் பெரிய பங்கு. விதையாகப் போய், குளிர்நாட்டுக் கண்ணாடி வீட்டில் முளைத்து, அங்கிருந்து வந்ததால் அந்த நோய் நம் பக்கம் வரவே இல்லை. இன்றுவரை ஆசியாவில் அது கிடையாது. கோட்டயம், கொச்சிச் சந்தையில் ரப்பர் விலை பேசுகிற ஒவ்வொருவனும், ஒரு நோய் இன்னும் விமானம் ஏறவில்லை என்கிற ஒரே தைரியத்தில் பேசுகிறான். அமேசான் சுற்றுலா போய்விட்டு "ஞாபகார்த்தமாக" ஒரு ரப்பர்க் கன்றைத் தொட்டியோடு எடுத்துவருகிற ஆளைப் பாலாக்காரர்கள் என்ன செய்வார்கள் என்று நினைக்கிறீர்கள்? கறிவேப்பிலைக்கு மட்டும் ஏன் கைதட்டு?

"பாசத்தோடு தர்றதைப் போய் இப்படிப் பேசறீங்களே" என்று வருத்தப்படுகிறவர்களுக்கு ஜப்பான்காரர் கதை. வாஷிங்டனில் வசந்தத்தில் எல்லோரும் போய்ப் படம் எடுக்கிற செர்ரி மரங்கள், டோக்கியோ நகரம் அன்பளிப்பாகக் கொடுத்தவை. முதல் தவணையில், 1910 ஜனவரியில், 2,000 மரம் வந்தது. பிரித்துப் பார்த்தால் பூச்சியும் நூற்புழுவும். ஜனாதிபதி டாஃப்டின் சம்மதத்தோடு அத்தனையையும் எரித்தார்கள். ஒரு நாடு இன்னொரு நாட்டுக்குக் கொடுத்த பரிசைத் தீ வைத்து! நம் ஊராக இருந்தால் உருவ பொம்மை எரிந்திருக்கும். டோக்கியோ மேயர் ஒசாகி கோபப்படவில்லை. புதுக் கன்றுகளைச் சுத்தமான நிலத்தில் கவனித்து வளர்த்து, பூச்சிக்குப் புகைபோட்டு, 1912-ல் 3,020 மரம் அனுப்பினார்கள். பாசம் இருந்ததால்தான் இரண்டாம் தடவை சிரமம் எடுத்தார்கள். பெட்டிக்குள் துணி சுற்றி ஒளித்து அனுப்பவில்லை.

சரி, கறிவேப்பிலைக்கு என்னதான் வழி? திட்டிவிட்டுப் போனால் ஆயிற்றா என்பீர்கள்.

கறிவேப்பிலைக் கன்றை இந்தியாவிலிருந்து அமெரிக்காவுக்குக் கொண்டுவர வீட்டுக்காரர்களுக்கு நேர் வழி இல்லை. சிட்ரஸ் குடும்பம் முழுக்கத் தடை, பறித்த பச்சை இலையும் சேர்த்து. பிடிபட்டால் முதல் முறைக்கே 1,000 டாலர் வரை போடலாம். ஆனால் இங்கேயே வளர்த்த கன்றுகள் விற்கிறார்கள், பூச்சி புகாத வலைக்கூடத்தில் வளர்த்து, சீட்டு ஒட்டி. விலை ஊரைவிடப் பத்து மடங்கு, ஒத்துக்கொள்கிறேன். ஃப்ளோரிடா நர்சரிக்காரர்கள் கலிஃபோர்னியாவுக்கு அனுப்ப மறுத்தால் சண்டை போடாதீர்கள், அவர்களுக்கு அனுமதி கிடையாது. கலிஃபோர்னியாவில் குவாரண்டைன் வட்டத்துக்குள் இருப்பவர்கள் பக்கத்து ஊர் நண்பர் வீட்டுக்குக் கன்றோ கொத்தோ கொண்டுபோவதும் கூடாது. பிறந்தநாள் விருந்துக்கு ஒரு கொத்து ஒடித்து எடுத்துப்போகிற பழக்கம் நமக்கு உண்டு. அதைத்தான் சொல்கிறேன்.

தடைப் பட்டியலில் இல்லாத மற்றச் செடிகளுக்கு நியாயமான வழி இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. மண் ஒரு சிட்டிகை இல்லாமல் வேரைக் கழுவி, ஊரில் தாவர நலச் சான்றிதழ் வாங்கினால், 12 கன்றுவரை இறக்குமதி அனுமதிச் சீட்டு இல்லாமலே கொண்டுவந்து விமான நிலையத்தில் காட்டலாம். கொச்சியிலேயே தாவரக் குவாரண்டைன் நிலையம் இருக்கிறது. கிளம்புகிற அன்று காலை ஓடாமல், உங்கள் செடி பட்டியலில் எங்கே இருக்கிறதென்று முதலில் பார்த்துக்கொண்டு, ஒரு வாரம் முன்னால் போங்கள். போன்சாய் மரம் இந்தச் சலுகையில் வராது. அதற்குப் பதிவு பெற்ற நர்சரியில், வலைக்குள், மண்ணில்லாத ஊடகத்தில் இரண்டு வருஷம் இருந்ததற்குச் சான்று வேண்டும். மாமா வீட்டு மாடியில் முப்பது வருஷம் இருந்த ஆலமரப் போன்சாய் என்றால் அது மாமா வீட்டு மாடியிலேயே இருக்கட்டும். படம் எடுத்து மாட்டுங்கள், வான் ரீட் செய்ததும் அதுதான்.

ஏற்கனவே வீட்டில் கறிவேப்பிலை இருப்பவர்கள் பிடுங்கி எறிய வேண்டாம். தளிர் விடுகிற ஒவ்வொரு முறையும் கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள். வால்பக்கம் தூக்கி, தலை குனிந்து, சாய்வாக உட்கார்ந்திருக்கும் பழுப்புப் பூச்சி சில்லிட். அதன் குஞ்சு மஞ்சளாக இருக்கும், பின்னாலிருந்து வெள்ளை மெழுகு நூல்நூலாக வரும். கண்டால் உங்கள் கவுண்டி விவசாய அலுவலகத்துக்குப் போன் செய்யுங்கள். வீட்டில் நான் தண்ணீர் விடுகிற தொட்டிக்குப் பக்கத்தில் பூதக்கண்ணாடி தொங்குகிறது, என் பெண் அதை எடுத்துக்கொண்டு போய் எறும்பு பார்க்கிறாள் என்பதுதான் ஒரே தொல்லை.